தாதரைத் தவறவிட்ட தியானம்

கேள்வி: எனக்கு 42 வயது. மும்பை பக்கம் டோம்பிவ்லியில் குடியிருக்கிறோம், தாதரில் ஒரு ஆபீஸில் கணக்குப் பிரிவில் வேலை. ஆபீஸில் எல்லோருக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் என்று ஒரு தியான ஆப் கொடுத்தார்கள். லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடுவேன். 'மூச்சைக் கவனி' என்கிறது. மனசோ பையனின் கெமிஸ்ட்ரி மார்க், கேஸ் புக்கிங், நாத்தனார் சொன்ன ஒரு சொல் என்று ஓடுகிறது. போன வாரம் அந்த ஓட்டத்தில் தாதரைத் தவறவிட்டு பைகுலாவில் இறங்கினேன். எனக்குத் தியானம் வரவே வராதா? இகத்புரி விபாசனா தியான முகாமுக்குப் பத்து நாள் போய் வா என்கிறாள் தோழி. 'நமக்கு முருகன் போதாதா, புத்தர் எதுக்கு' என்கிறார் மாமியார். ராத்திரி எட்டரைக்கு வீடு வந்து, ஒரு ஆளாகச் சமைக்கும்போது பையன்மேல் எரிந்து விழுகிறேன். அதுதான் ரொம்ப உறுத்துகிறது.

பதில்: பைகுலாவில் இறங்கி, எதிர் பிளாட்ஃபாரத்துக்குப் படியேறியபோது சிரித்தீர்களா, அழுதீர்களா என்று எழுதவில்லை. நானாக இருந்தால் அந்தப் படியிலேயே ஆப்பை அழித்திருப்பேன்.

ஆனால் உங்களுக்குத் தியானம் வராமல் இல்லை. மைண்ட்ஃபுல்னெஸ் என்று ஆப் சொல்வதற்குப் பழைய புத்த நூல்களின் பாலி மொழியில் பெயர் 'சதி'. மாமியாரிடம் மட்டும் இந்தச் சொல்லைச் சொல்லிவிடாதீர்கள், ஏற்கெனவே சந்தேகத்தில் இருக்கிறார். வடமொழியின் ஸ்மிருதிதான் அது. நினைவு என்று பொருள். மயங்கி விழுந்தவர் கண் திறந்தால் 'நினைவு வந்துடுச்சு' என்கிறோம் இல்லையா, அதற்குப் பக்கத்தில் வரும். மனசு நாத்தனார் வீட்டுக்குப் போய் வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருக்கிறது. திடீரென்று 'அடடா, எங்கே இருக்கேன்' என்று ஒரு கணம் உறைக்கிறது. அந்தக் கணத்தில் உங்களுக்கு நினைவு வந்துவிட்டது. மூச்சுக்குத் திரும்புகிறீர்கள், மறுபடி ஓடுகிறது, மறுபடி உறைக்கிறது. பத்து நிமிஷத்தில் முப்பது தடவை ஓடினால் முப்பது தடவை பயிற்சி நடந்திருக்கிறது. மனசைக் காலி பண்ணச் சொல்லி புத்தர் கேட்கவில்லை. பிடித்த கிளையை விட்டு இன்னொரு கிளைக்குத் தாவும் குரங்கு என்றுதான் அவரும் மனசைச் சொன்னார்.

அடுத்து, ரயிலில் கண்ணை மூடாதீர்கள். புத்தர் இந்தப் பயிற்சியைச் சொல்லித்தரும் சதிபட்டான சூத்திரத்தில் மூச்சு ஒரு பகுதிதான். நடப்பது, கையை மடக்குவது நீட்டுவது, சாப்பிடுவது, ஒன்றுக்குப் போவதுகூட அதில் வருகிறது. வியட்நாம் துறவி திக் நாட் ஹான் டெலிபோன் மணி அடித்ததும் எடுக்காமல், அதைக் கோயில் மணி மாதிரி கேட்டு, மூச்சு விட்டுவிட்டு எடுக்கச் சொல்வார். நமக்கு டெலிபோன் வேண்டாம், சென்ட்ரல் லைன் இருக்கிறது. 'புடீல் ஸ்டேஷன்' (அடுத்த ஸ்டேஷன்) என்று ரயிலின் அறிவிப்புக் குரல் ஆரம்பித்ததும், மராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ் மூன்றும் முடிகிறவரைக்கும் வேறு வேலை இல்லை. பிடித்திருக்கும் கம்பியின் சில்லிப்பு, தோளில் இடிக்கும் பை, யாரோ தலையில் வைத்திருக்கும் மல்லிகை, உள்ளே போகும் மூச்சு. தாணே, காட்கோபர், குர்லா என்று ஒவ்வொன்றுக்கும் அரை நிமிஷம். தாதரும் தவறாது.

பலன் உண்டா? 2014-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் தியானப் பயிற்சி பற்றிய 47 சோதனைகளை, சுமார் 3,500 பேரை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான பலன் தெரிந்தது. மருந்து, உடற்பயிற்சி போன்றவற்றைவிட மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எனக்கு இந்த அளவான பதில் பிடித்திருக்கிறது. ஆப் விளம்பரங்கள் பேசுகிற அதிசயத்தைவிட நம்பும்படி இருக்கிறது.

இகத்புரி இப்போது வேண்டாம். பர்மாவில் பிறந்த விபாசனா ஆசிரியர் கோயங்கா 1969-ல் இந்தியா வந்து முதல் விபாசனா முகாமை நம் மும்பையில்தான் நடத்தினார். இகத்புரி பிறகு வந்தது. கட்டணம் இல்லை, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். ஆனால் காலை நான்கு மணிக்கு எழுந்து நாளுக்குப் பத்து மணி நேரம் போல உட்கார வேண்டும். பேச்சு இல்லை, போன் இல்லை, ராத்திரிச் சாப்பாடும் இல்லை. பையன் பரீட்சை முடியட்டும். தூக்கமே வராமல், அழுகை அழுகையாக வரும் நிலை இருந்தால் அதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். சும்மா பார்க்க ஆசையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோராயில் இருக்கும் விபாசனா பகோடாவுக்குப் போங்கள். தூணே இல்லாத குவிமாடத்தின் கீழே எட்டாயிரம் பேர் உட்காரலாம்.

மாமியாருக்கு ராஜராஜ சோழனைச் சொல்லுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அதே ராஜா, நாகப்பட்டினத்தில் இருந்த சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை விட்டான். அவன் சிவபக்திக்கு ஒன்றும் குறைவு வரவில்லை. முருகன் முன் உட்கார்ந்தே மூச்சைக் கவனிக்கலாம்.

இனி அந்த எட்டரை மணி. புத்தர் இரண்டு அம்பு என்று சொல்வார். உடம்பு அலுப்பு முதல் அம்பு, அது தைக்கத்தான் செய்யும். 'யாருமே என்னை நினைக்கிறதில்லை' என்று நாமே எடுத்துக் குத்திக்கொள்வது இரண்டாவது. பையன்மேல் பாய்வது பெரும்பாலும் இரண்டாவதிலிருந்துதான். செருப்பைக் கழற்றும் இடத்தில் சுவரில் ஒரு கை வைத்து மூன்று மூச்சு நில்லுங்கள். காது சூடாவது, தாடை இறுகுவது தெரியும். தெரிந்துவிட்டால் சில நாள் கத்தல் வராது. சில நாள் வரும்.

ஆனால் ஒன்று. 'ஒரு ஆளாகச் சமைக்கும்போது' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்காரரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நியாயமான அலுப்பைச் சத்தமில்லாமல் விழுங்குவதற்கு மூச்சுப் பயிற்சி செய்யாதீர்கள். கோபம் இல்லாத ஒரு நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை காபிக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள், எட்டு மணிக்குச் சாதம் அவர் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். இரண்டு டம்ளர் அரிசி, மூன்று விசில். களைந்த தண்ணீரைக் கொட்டாமல் பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றச் சொல்லுங்கள்.