அந்த 69 வருஷமா, வேறா?

கேள்வி: எனக்கு வயது 57. 1986 முதல் 89 வரை திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். பிரையன் ஆடம்ஸின் ‘சம்மர் ஆஃப் சிக்ஸ்டி நைன்’ எங்கள் அறையில் தேயத் தேய ஓடிய பாட்டு. அடுத்த மாதம் பழைய மாணவியர் கூட்டத்தில் நாங்கள் நான்கு பேர் அதைப் பாடுவதாக இருக்கிறோம். வீட்டில் பாடிப் பார்த்தபோது என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். “அம்மா, அந்த 69 வருஷம் இல்ல, வேற மேட்டர். கூகுள் பண்ணிப் பாரும்மா” என்றான். பார்த்தேன். கூசிப்போய்விட்டது. இத்தனை வருடம் அர்த்தம் தெரியாமலா பாடினேன்? இப்போது பாடலாமா, வேண்டாமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: சகோதரி, உங்கள் மகன் புளுகவில்லை. பாடிய ஆடம்ஸே பேட்டியில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். பாட்டு கோடைக்காலக் காதலைப் பற்றியது, 69 என்பது வருடம் இல்லை, உங்கள் மகன் சொல்லும் அதே படுக்கையறைச் சமாசாரம்தான் என்று. கணக்கும் அவர் பக்கமே பேசுகிறது. அவர் பிறந்தது 1959 நவம்பரில். 1969 கோடையில் ஒன்பது வயதுப் பையன். பாட்டில் வருவதுபோல ஒன்பது வயதில் விரலில் ரத்தம் வரக் கிடார் வாசித்து, பேண்ட் ஆரம்பித்து, காதலி வீட்டுத் திண்ணையிலும் போய் நின்றார் என்றால் யார் நம்புவார்கள்?

சரி, மகனிடம் மிச்சத்தையும் சொல்லுங்கள். அந்தப் பாட்டை எழுதியவர்கள் இரண்டு பேர். இன்னொருவர் ஜிம் வேலன்ஸ். 1952-ல் பிறந்தவர், 1969-ல் அவருக்குப் பதினேழு. அவரைக் கேட்டால் 69 என்பது வருடம்தான், வேறொன்றும் இல்லை என்பார். சேர்ந்து உட்கார்ந்து எழுதிய இருவருக்கே ஒத்துப்போகவில்லை. திருச்சி ஹாஸ்டலில் மெத்தைமேல் உட்கார்ந்து கேட்ட நீங்கள் ஏன் கூசவேண்டும்?

இதில் இன்னொரு வேடிக்கை. 1984-ல் எழுத ஆரம்பித்தபோது பாட்டுக்கு இந்தத் தலைப்பே கிடையாது. ‘என் வாழ்க்கையின் மிகச் சிறந்த நாட்கள்’ என்ற பொருளில்தான் பெயர் வைத்திருந்தார்கள். ‘69 கோடை’ என்பது ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. பிறகுதான் அதை மற்ற இடங்களிலும் நுழைத்துத் தலைப்பாகவும் ஆக்கினார்கள். பின்னால் வந்து சேர்ந்த ஒரு நம்பருக்காகத்தான் உலகமே இன்றுவரை அடித்துக்கொள்கிறது.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. பாட்டு தேய்ந்து மறையும் இடத்தில் ஆடம்ஸ் ஒரு வரியைப் போகிறபோக்கில் பாடுவார். அதைக் கேட்டால் உங்கள் மகன் ஜெயித்துவிடுவான். உங்கள் கேசட்டில் அது இருந்திருக்கவே வாய்ப்பு குறைவு. நம் ரெக்கார்டிங் கடைக்காரர்கள் 60 நிமிட கேசட்டில் இன்னும் ஒரு பாட்டைத் திணிக்க, எல்லாப் பாட்டுக்கும் வாலை நறுக்கிவிடுவார்கள் அல்லவா.

என்னைக் கேட்டால் அந்தப் பாட்டின் உயிர் கிடார் வாங்கும் இடத்தில் இருக்கிறது. பாட்டின் நாயகன் அதை வாங்குவது பெரிய இசைக்கருவிக் கடையில் இல்லை. நம் ஊர் ‘எதை எடுத்தாலும் பத்து ரூபாய்’ மாதிரியான ஒரு மலிவுக் கடையில். அப்புறம் கூட வாசித்தவர்களில் ஒருவன் விட்டுப் போகிறான், ஒருவனுக்குக் கல்யாணம் ஆகிறது. உங்கள் அறையிலும் அப்படித்தானே நடந்தது? மூன்றாம் வருடப் பரீட்சைக்கு முன்பே ஒருத்திக்கு நிச்சயமாகிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இத்தனைக்கும் இந்தப் பாட்டு உள்ள ஆல்பம் வெளிவந்த அன்று ஆடம்ஸுக்குச் சரியாக 25-வது பிறந்தநாள். இருபத்தைந்தில் ‘அந்த நாள் போல வருமா’ என்று ஏங்கியிருக்கிறார்! உங்கள் மகனும் இந்நேரம் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் அதைத்தான் செய்துகொண்டிருப்பான்.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியை எழுதிவிட்டு, பேனாவால் நாலைந்து முறை அடித்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மன்னியுங்கள். ‘கேசட் கொடுத்த’ என்பது வரைக்கும்தான் படிக்க முடிந்தது. மேலே கேட்க மாட்டேன். ஆடம்ஸுக்கு ஒரு கோடை, வேலன்ஸுக்கு ஒரு கோடை இருந்தால் உங்களுக்கும் ஒன்று இருக்கட்டுமே.

தாராளமாகப் பாடுங்கள். கூட்டத்தில் யாராவது நமுட்டுச் சிரிப்புச் சிரித்தால் அவர்களும் கூகுள் பார்த்தவர்கள் என்று அர்த்தம். கரோக்கி டிராக் போடுபவரிடம் மட்டும் கடைசிப் பல்லவி முடிந்ததும் நிறுத்தச் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் ஓடினால் நால்வரில் யாராவது ஒருவர் உற்சாகத்தில் அந்த வால் வரியையும் பாடிவைப்பார். முன்வரிசையில் கல்லூரி முதல்வர் இருப்பார்.