இரண்டு கொடி, இரண்டு வெள்ளி

கேள்வி: நெதர்லாந்தின் பாட்மின்டன் வீராங்கனை மியா ஆடினா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியதில்லை, உலகச் சாம்பியனும் ஆனதில்லை. போதாக்குறைக்குப் பிறந்த நாடான இந்தோனேசியாவை விட்டுவிட்டுப் போனவர். சென்ற இதழில் அவரைப் 'பெரிய ஆட்டக்காரர்' என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் ஓவராகத் தெரியவில்லையா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: தெரியவில்லை. தங்கம் வாங்கினவர்கள் மட்டும்தான் பெரிய ஆட்டக்காரர்கள் என்றால் அந்தப் பட்டியலை ஒரு போஸ்ட் கார்டில் எழுதி முடித்துவிடலாம்.

1994-இல் ஜகார்த்தாவில் உபேர் கோப்பை இறுதி ஆட்டம். பெண்கள் பாட்மின்டனில் நாட்டுக்கு நாடு அணியாக மோதும் உலகப் போட்டி அது. எதிரில் சீனா. நான்கு ஆட்டம் முடிந்து இரண்டுக்கு இரண்டு. இந்தோனேசியா அந்தக் கோப்பையைக் கடைசியாக வென்றது 1975-இல். இப்போது மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஒற்றையர் ஆட்டம்; அதற்குக் களத்தில் இறங்கியவர் மியா. வயது பதினான்கு! சொந்த ஊர்க் கூட்டம் அரங்கமே அதிரக் கத்துகிறது. அந்த வயதில் நம் பிள்ளைகளுக்கு ஆண்டு விழா மேடை ஏறினாலே கைகால் உதறும். மியா ஜெயித்தார், கோப்பையும் வந்தது. அன்று தோற்ற சீனப் பெண்ணின் பெயர் ஜாங் நிங். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1996-இல் மறுபடியும் உபேர் கோப்பை. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் இந்தோனேசியாவுக்கு அது கிடைக்கவில்லை. அதே ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில், பதினேழு நிரம்பும் முன்பே, வெள்ளி. இறுதியில் கொரியாவின் பாங் சூ ஹ்யூனிடம் தோற்றார். முந்தைய ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்தோனேசியாவின் சூசி சுசாந்திக்கே அந்த முறை வெண்கலம்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, 'விட்டுவிட்டுப் போனவர்' விஷயத்துக்கு வருவோம். 1999-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு பாடகரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கே குடியேறினார். கணவன் ஊருக்குப் போன பெண்ணை நம் பக்கத்தில் யாரும் துரோகி என்பதில்லை. கையில் ராக்கெட் இருந்தால் மட்டும் நியாயம் மாறிவிடுமா? போகும்போது இரண்டு உபேர் கோப்பையையும் ஒரு வெள்ளியையும் பிறந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

புகுந்த வீட்டிலும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 2004-இல் ஐரோப்பியச் சாம்பியன். அதே ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதி ஆட்டம். வலைக்கு அந்தப் பக்கம் யார்? அதே ஜாங் நிங். பத்து வருஷம் கழித்து! அப்போதெல்லாம் பெண்கள் ஒற்றையரில் ஒரு செட்டுக்குப் பதினொரு புள்ளி. சர்வீஸ் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் புள்ளி. எதிராளியின் சர்வீஸில் எவ்வளவு அழகாக ஆடி முடித்தாலும் சர்வீஸ்தான் கைக்கு வரும், புள்ளி வராது. மூச்சு வாங்க ஆடியும் ஸ்கோர் போர்டு அசையாமல் நிற்கும். முதல் செட் 11-8 என்று மியாவுக்கு. அப்புறம் 6-11, 7-11. மறுபடியும் வெள்ளி. ஆனால் பாட்மின்டனில் நெதர்லாந்து வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். அவரைத் தோற்கடித்த ஜாங் நிங் 2008-இல் பீஜிங்கிலும் தங்கம் வென்றார் என்பதால், சோப்ளாங்கியிடம் தோற்றுவிட்டார் என்றும் சொல்ல முடியாது.

2006-இல் நெதர்லாந்து பெண்கள் அணி உபேர் கோப்பை இறுதி வரை போனது. ஆசிய நாடுகள் கோலோச்சும் போட்டியில் இது சின்ன விஷயமில்லை. இறுதியில் சீனாவிடம் 0-3. சீனாவில் பிறந்து நெதர்லாந்துக்கு ஆடிய யாவ் ஜியேவும் அந்த அணியில் இருந்தார். கோபப்படுவதென்றால் அவர்மேலும் கொஞ்சம் படுங்கள். அந்த ஆண்டே, முப்பதைத் தொடும் முன்பே, மியா ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார்.

எட்டு வருஷ இடைவெளியில், இரண்டு வேறு நாடுகளுக்கு, ஒலிம்பிக் ஒற்றையர் இறுதி வரை போன இன்னொரு பாட்மின்டன் வீராங்கனையின் பெயரை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் என் வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.