பூனை வடக்கிருக்கப் போவதில்லை

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டுப் பூனைக்கு 16 வயது. பத்து நாட்களாகக் காணவில்லை. சில மாதங்களாகவே இளைத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் நிறைய குடித்தது. ராத்திரியில் சுவரைப் பார்த்து நின்று கத்தும். முதல் மூன்று நாள் தெருத்தெருவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். ‘வயசான பூனை சாவு வருவது தெரிந்ததும் தானாகவே வீட்டை விட்டுப் போய்விடும், தேடாதே’ என்று பெரியவர்கள் சொன்னதால் விட்டுவிட்டேன். அதன் தட்டை எடுக்க மட்டும் மனம் வரவில்லை. ஒரு பூனைக்காக இப்படி அழுவது அசட்டுத்தனமா? ஒரு குட்டியை எடுத்து வளர்த்தால் மனம் ஆறுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அசட்டுத்தனம் இல்லை. 16 வருடம் கூடவே இருந்த உயிருக்காக அழாமல் இருப்பவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

என்னை எழுத உட்கார வைத்தது அந்தப் பெரியவர்களின் வாக்குதான். கொஞ்ச நாளாகவே எனக்கு இதன் மீது ஒரு கடுப்பு. வயதான பூனை என்று பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் முகத்தைத் தத்துவமாக வைத்துக்கொண்டு இதைச் சொல்லிவிடுகிறார். சங்க காலத்துக் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான், அதாவது வடக்கு பார்த்து உட்கார்ந்து பட்டினி கிடந்து உயிர் விட்டான், சரி. பெற்ற பிள்ளைகளோடு பகை முற்றி, மனம் வெறுத்து, தானே முடிவெடுத்து உட்கார்ந்தான். பூனை எந்த முடிவும் எடுப்பதில்லை. அதற்கு உடம்பு முடியவில்லை, அவ்வளவுதான். உடம்பு முடியாத பூனை இருட்டாக, குறுகலாக, யார் கையும் எட்டாத இடமாகப் பார்த்து ஒடுங்கும். பலவீனமாக இருக்கும்போது வேறொரு மிருகத்தின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்கிற ஆதிகாலத்துப் பயம் அது. ஒடுங்கின இடத்திலேயே செத்துப்போனால் ‘தெரிந்துதான் போயிருக்கிறது’ என்று நாம் கதை கட்டுகிறோம். ஒடுங்கி, தேறி, திரும்பி வந்த பூனைகளைப் பற்றி இந்தக் கதை மூச்சு விடுவதில்லை.

உங்கள் பூனை நிறைய தண்ணீர் குடித்தது, இளைத்தது என்கிறீர்கள். இந்த வயதில் அப்படி என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிறுநீரகம், தைராய்டு, சர்க்கரை. சுவரைப் பார்த்துக் கத்தியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், காது மந்தமாகியிருக்கலாம், மனிதர்களுக்கு வருவது போன்ற மறதி நோயாகவும் இருக்கலாம். பூனைகளுக்கும் அது வரும். மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். மருத்துவரிடம் காட்டியதாக ஒரு வரி இல்லை. வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. வயதுக்கு மருந்து கிடையாது, தைராய்டுக்கு உண்டு. தன் வீட்டுச் சுவர் முன்னாலேயே திகைத்து நின்ற ஜீவன் தனக்கு நாள் குறித்துக்கொண்டு விடைபெற்றுப் போனது என்று சொன்னார்கள், நீங்களும் கேட்டுக்கொண்டீர்கள். நம்பிவிட்டால் தேட வேண்டியதில்லை என்கிற வசதி அதில் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு கிழட்டு ஆண் பூனை இருந்தது. ஒரு கண்ணில் புரை. அது காணாமல் போனபோது பக்கத்து வீட்டுக்காரர் ‘இங்கே எதுவும் வரல, வந்தா சொல்றேன்’ என்றார். நல்ல மனிதர்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் தன் ஷெட்டுக்குள் குனிந்து பார்த்தவரில்லை. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சி, இருட்டின பிறகு டார்ச்சோடு போனேன். சுவரில் சாய்த்து வைத்திருந்த பழைய கதவுகளுக்குப் பின்னால் தரையோடு தரையாக ஒற்றைக் கண் பச்சையாக மின்னியது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அசையவில்லை. கை நீட்டினால் சீறியது. பாலுக்காக என் காலைச் சுற்றி வந்த அதே பூனைதான்! துண்டைப் போட்டு மூடித்தான் தூக்க முடிந்தது. எடையே இல்லை. மருத்துவர் தோலுக்கடியில் சலைன் ஏற்றினார். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க என் நாற்காலியை எனக்குத் தராமல் அதுவே ஆண்டது.

இதனால்தான் ‘கூப்பிட்டுப் பார்த்தேன்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எரிச்சல் வந்தது. காணாமல் போன 1,210 பூனைகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. திரும்பக் கிடைத்தவற்றில் முக்கால்வாசி, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் இருந்தன. பாதி வெறும் 50 மீட்டருக்குள். நீங்கள் தெருத்தெருவாக அலைந்தீர்கள், அது அடுத்த வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருந்திருக்கலாம். பயந்த பூனை, வளர்த்தவர் குரலுக்குக் கூட வாய் திறக்காது. காது போன பூனைக்கு உங்கள் குரலே எட்டாது. எனவே ராத்திரி போங்கள், சத்தம் அடங்கின பிறகு. டார்ச்சைக் கண் உயரத்தில் பிடித்துக்கொண்டு, முழங்கால் போட்டுக் குனிந்து பாருங்கள். அதன் விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் படலம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நின்ற வாகனங்களுக்கு அடியில், குவித்த பலகைகளுக்குப் பின்னால், பூட்டியே கிடக்கும் அறைகளில் பாருங்கள். முக்கியமாக உங்கள் வீட்டுப் பரணிலும் கட்டில் அடியிலும். வீட்டுக்குள்ளேயே காணாமல் போன பூனைகள் உண்டு.

அந்த ஆய்வில் மூன்றில் ஒரு பங்கு பூனைகள் முதல் ஏழு நாளுக்குள் உயிரோடு கிடைத்தன. ஓராண்டுக்குள் 61 சதவீதம். நீங்கள் பத்தாவது நாளில் இருக்கிறீர்கள், உங்களுடையது நோயாளி. பொய்யாக ஆறுதல் சொல்ல எனக்கு வராது. உடலாகக் கிடைக்கலாம். அதற்காகவும் தேடத்தான் வேண்டும். போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களோடு 1970களில் பணியாற்றிய பாலின் பாஸ் என்ற உளவியலாளர், இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பு எப்படி ஆட்களைப் பாதி வழியில் நிறுத்திவிடுகிறது என்று விரிவாக எழுதியிருக்கிறார். உங்கள் தட்டு அங்கேயே கிடப்பது அதனால்தான். கிடக்கட்டும்.

குட்டி விஷயம் கேட்டிருந்தீர்கள் இல்லையா. இப்போது வேண்டாம். ஒருவேளை கிழம் திரும்பி வந்தால், துள்ளுகிற குட்டியைப் பார்த்து மறுபடியும் ஓடும்.

அப்புறம், கிடைத்தால் சாப்பாடு வைத்துவிட்டு ‘காலையில் பார்க்கலாம்’ என்று இருந்துவிடாதீர்கள். பல நாள் பட்டினி கிடந்த பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறி, அதுவே உயிரை எடுத்துவிடும். எந்த நேரமானாலும் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ராத்திரியில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று இன்றைக்கே விசாரித்து எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கூடையையும் ஒரு கெட்டித் துண்டையும் வாசலுக்குப் பக்கத்தில் எடுத்து வையுங்கள். கீறும்.