ஒரே பிரிவில் ஆயிரம் பேர்: சேர்க்கலாமா?

கேள்வி: சென்னை அருகே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் என் மகளுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் கிடைத்திருக்கிறது. அந்தப் பிரிவில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு மேல் சேர்க்கிறார்களாம். பட்டத்தின் மதிப்பு குறையுமா? கலந்தாய்வில் எங்கள் ஊர்ப் பக்கம் சிறிய கல்லூரி கிடைக்கும். கன்சல்டன்ட் ஒருவர் உடனே முன்பணம் கட்டச் சொல்கிறார்.
– ஒரு தந்தை, தேனி

பதில்: முதலில் அந்தக் கன்சல்டன்ட்டை ஒதுக்குங்கள். பிள்ளையைச் சேர்த்துவிட்டால் கல்லூரியிடம் கமிஷன் வாங்குகிறவர்கள்தான் இதில் அதிகம். அவர் காட்டும் பெரிய சம்பளம் யாரோ ஒரு மாணவர் வாங்கியது. ஒருவருக்கே மூன்று கம்பெனி வேலை கொடுத்தால் மூன்று என்று கணக்குக் காட்டுவதும் உண்டு.

கூட்டத்தால் மட்டும் பட்டத்தின் மதிப்பு குறையாது. மத்திய கல்வி அமைச்சகம் வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில், மொத்த மதிப்பெண்ணில் ஆராய்ச்சிக்கு மட்டுமே 30 விழுக்காடு. பெரிய பல்கலைக்கழகங்கள் மேலே நிற்பதற்கு அது முக்கியக் காரணம். உங்கள் மகளுக்கு யார் பாடம் எடுப்பார் என்பதை அந்த வரிசை சொல்லாது. ஆயிரம் பேர் என்றால், அறுபது பேருக்கு ஒன்று என்று வைத்தாலும் பதினாறு, பதினேழு செக்‌ஷன். கிளப், போட்டி, வெளிமாநிலப் பிள்ளைகளின் நட்பு எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். தானே போய்ப் பேசுகிற பெண்ணுக்கு அது நல்லது. ஒதுங்கி இருக்கிற பெண்ணை நான்கு வருடமும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஒரு பிரிவுக்கு 240 இடம் என்றிருந்த உச்சவரம்பை, நன்றாகச் செயல்படும் கல்லூரிகளுக்கு 2024-25 முதல், தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விதி உண்டு. ஆனால் தாளில் காட்டும் ஆசிரியர் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே ஆசிரியர் பல பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது தமிழ்நாட்டில் 2024இல் அம்பலமானது.

அதற்காகச் சிறிய கல்லூரிக்கு ஓடவும் வேண்டாம். அளவாகச் சேர்ப்பதால் சிறியதாக இருப்பது ஒன்று, சேர ஆளில்லாமல் சிறுத்துப்போனது வேறு. இரண்டாவது வகையில் நல்ல ஆசிரியர் தங்க மாட்டார், கம்பெனி எட்டிப்பார்க்காது, வழிகாட்ட நாலு சீனியர்கூட இருக்க மாட்டார்கள். அனுமதி 60, படிப்பவர் 15 என்றால் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இரண்டு இடத்தின் இணையதளத்திலும் என்ஐஆர்எஃப்புக்குக் கொடுத்த விவரத்தைத் தேடுங்கள். அனுமதித்த இடங்கள், படிப்பவர்கள், வேலை பெற்றவர்கள், இடைநிலைச் சம்பளம் (எல்லார் சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எல்லாம் அதில் இருக்கும். எல்லாப் பிரிவையும் சேர்த்துத்தான் போட்டிருப்பார்கள். அதனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் கணக்கைத் தனியாக, எழுத்தில் கேளுங்கள். அதுவரை முன்பணம் வேண்டாம். அசல் சான்றிதழைப் பிடித்து வைக்க எந்தக் கல்லூரிக்கும் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதி தரவில்லை. சரிபார்த்த கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள்.