பழைய பேப்பர் கடையும் வேண்டாம் என்கிற பிளாஸ்டிக்

கேள்வி: திருவையாறு பக்கம் கிராமத்தில் இருக்கிறோம். குப்பை வாங்க வரும் தூய்மைக் காவலர் பாட்டில், டப்பா என்றால் எடுத்துக்கொள்கிறார். சிப்ஸ் கவர், மாத்திரை அட்டை, டிவி பெட்டியில் வந்த தெர்மோகோல் எல்லாம் வேண்டாம் என்கிறார். பழைய பேப்பர் கடையிலும் அதே பதில். மாமியார் அதை விறகடுப்பு பற்றவைக்க எடுத்துக்கொள்கிறார். வேறு வழி உண்டா?

பதில்: முதலில் அடுப்பில் போடுவதை நிறுத்துங்கள். மாத்திரை அட்டை பெரும்பாலும் பிவிசி என்கிற பிளாஸ்டிக். அது எரிந்தால் டையாக்சின் போன்ற நஞ்சுகள் வரும். அந்தப் புகையை முதலில் இழுப்பவர் குனிந்து ஊதுகிற உங்கள் மாமியார்தான்.

கடைக்காரர் பார்ப்பது ஒரே வகைச் சரக்கா, சுத்தமா, எடை நிற்குமா என்பதைத்தான். பால் கவர் முழுக்க பாலிஎத்திலீன் என்கிற ஒரே வகை பிளாஸ்டிக், அதனால் வாங்குவார். சிப்ஸ் கவரில் வெவ்வேறு படலங்களும் அலுமினியப் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பிரித்தெடுத்தால் கட்டுப்படியாகாது. தெர்மோகோலை மறுசுழற்சி செய்யலாம், ஆனால் அதில் பெரும்பகுதி காற்று. வண்டி நிறைய ஏற்றினாலும் டீசல் காசு தேறாது.

வீட்டில் தேங்குவதில் பாதியாவது அழுக்கால்தான் தேங்குகிறது என்பது என் எண்ணம். பால் கவரை அலசிக் காயவைத்துச் சேர்த்துக் கொடுங்கள். வெட்டும்போது மூலையைத் துண்டாக்காமல் கவரோடு தொங்கவிடுங்கள், அந்தத் துணுக்குதான் வாய்க்காலுக்குப் போகிறது. டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 1, 2, 5 என்று இருந்தால் பொதுவாக விலை போகும். 3, 6, 7 என்றால் சிரமம்.

மிச்சமுள்ள சிப்ஸ், பிஸ்கட் கவர்களை ஈரமில்லாமல் ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். ஊராட்சி அலுவலகத்திலோ வட்டார வளர்ச்சி அலுவலகத்திலோ இதை எங்கே சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள். இந்த மாதிரிக் கழிவை சிமெண்ட் ஆலைச் சூளையில் நிலக்கரியோடு சேர்த்து எரிக்கிறார்கள். அரியலூரும் டால்மியாபுரமும் நமக்குப் பக்கம்தான். இதுவும் எரிப்பதுதான், மறுசுழற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சூளையின் சூடு 1,400 டிகிரிக்கு மேல், அடுப்போடு ஒப்பிடவே முடியாது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த முறையில், கவர்களைத் துருவித் தாரோடு சேர்த்துச் சாலையும் போடுகிறார்கள். அதில் பிவிசி கலக்கவே கூடாது. ஆகவே மாத்திரை அட்டைக்குத் தனிப்பை.

தெர்மோகோலுக்கு வாங்கும் நேரத்தில்தான் வழி. டிவியைக் கொண்டுவந்து மாட்டுகிறவரிடமே பெட்டியைத் திருப்பி எடுத்துப்போகச் சொல்லுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே கடையில் பேசிவிடுவது நல்லது, அப்புறம் யாரும் வரமாட்டார்கள். 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளும் அவற்றின் 2022 திருத்தமும் இந்தக் கழிவின் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல்தான் வைக்கின்றன. அதற்காகப் பெட்டிக்கடையில் போய்க் காலிக் கவரை நீட்டினால் சிரிப்பார்கள். கவர் சேர்வதைக் குறைக்க, ஷாம்புவைப் பாட்டிலாக வாங்கலாம். சில சமயம் பாக்கெட்தான் மலிவாக இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: குறுவைக்கு அடித்த பூச்சிமருந்து பாட்டில்கள் வீட்டில் கிடக்கின்றன. நல்ல கெட்டி பாட்டில். காயலான் கடையில் வாங்குகிறார்கள், போடலாமா?

பதில்: போடாதீர்கள். விலை போகிறது என்பதாலேயே இது ஆபத்து. எவ்வளவு கழுவினாலும் மருந்து கொஞ்சம் தங்கும், அந்த பாட்டில் அடுத்து யார் வீட்டில் மண்ணெண்ணெய்க்கோ பினாயிலுக்கோ போகும் என்று தெரியாது. அடிக்கும்போதே மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை ஸ்பிரேயர் டேங்கிலேயே ஊற்றிவிடுங்கள். வாங்கிய மருந்தும் வீணாகாது. பிறகு அடியில் ஓட்டை போட்டு, மற்ற குப்பையோடு கலக்காமல் கட்டி, மருந்து பாட்டில் என்று சொல்லியே ஒப்படையுங்கள். திடக்கழிவு விதிகளின்படி இதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். வாய்க்கால் கரையில் மட்டும் வைக்காதீர்கள்.