1950களில் இங்கிலாந்து போன கரீபியன் மக்களுக்கு வங்கிகள் கடன் தர மறுத்தன என்கிறார்களே, பிறகு எப்படி வீடு வாங்கினார்கள்?

சீட்டுப் பிடித்து. நம்முடைய அதே சீட்டுத்தான்.

1988இல் லண்டன் வந்து, பிரிக்ஸ்டனில் ஒரு பார்படோஸ் அம்மாவின் வீட்டில் அறை எடுத்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும் ஆட்கள் வந்து சமையலறை மேசையில் கடித உறைகளை வைப்பார்கள். அவர் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வார். ஏதோ கள்ள வியாபாரம் என்று பயந்து இரண்டு கிழமை கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தேன். அப்புறம் பார்த்தால், யாழ்ப்பாணத்தில் என் அம்மா வைத்திருந்த சீட்டுக் கொப்பியேதான்! அவர்கள் ஊரில் அதற்கு 'மீட்டிங் டர்ன்' என்று பெயர், ஜமைக்காவில் 'பார்ட்னர்', டிரினிடாடில் 'சூசூ'. நம் ஏலச் சீட்டுபோல ஏலம் கேட்பது, கழிவு போவது மட்டும் இல்லை. சேர்ந்த காசு முழுவதும் முறை வந்தவருக்கு.

அந்த அம்மாவின் கணவர் 1957இல் பஸ் கண்டக்டராக வந்தவர். லண்டன் டிரான்ஸ்போர்ட் அப்போது பார்படோஸுக்கே போய் ஆள் எடுத்தது. பயணச் செலவை அந்த ஊர் அரசாங்கம் கடனாகக் கொடுத்தது, சம்பளத்திலிருந்து திருப்பிக் கட்ட வேண்டும். அந்தக் கடன், அம்மம்மாவிடம் விட்டுவந்த பிள்ளைகளுக்குக் காசு, ஒற்றை அறைக்கு அநியாய வாடகை. 'கறுப்பர் வேண்டாம்' என்று அட்டை தொங்கிய காலம், கிடைத்ததே பெரிது. மூன்று குடும்பத்துக்கு மாடிப்படி ஓரத்தில் ஒரே அடுப்பு. குளிருக்கு மண்ணெண்ணெய் ஹீட்டர். இதற்குள் சீட்டுக் கட்டி, இரண்டு முறை எடுத்த காசில்தான் முற்பணம். வாங்கிய வீட்டிலும் ஒரு அறையில் இருந்துகொண்டு மற்ற அறைகளை வாடகைக்கு விட்டார்கள்.

அந்த அம்மா தாதி. மூன்று வருடப் பயிற்சி கேட்டவரை இரண்டு வருட உதவித் தாதிப் பயிற்சிக்குத் தள்ளிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பினால் அந்தச் சான்றிதழ் செல்லாது. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறும்.

எல்லாரும் இப்படித்தான் வாங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. கடைசிவரை வாடகை வீட்டிலேயே இருந்தவர்களும் உண்டு. சீட்டில் சேருங்கள் என்று ஆலோசனையும் தரவில்லை, கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வர வேண்டாம்.

'காப்பிலி வீட்டிலா இருக்கிறாய்?' என்று, கறுப்பரை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லால் கேட்ட எங்கள் ஆள் ஒருவர் 1991இல் என் சீட்டுக் காசு 1,800 பவுணோடு கனடாவுக்குப் போய்விட்டார். அந்த மாதம் வாடகை கொடுக்க முடியவில்லை என்று சொல்லப் போனேன். அந்த அம்மா கொப்பியைத் திறந்து, அடுத்த சுற்றில் முதல் ஆளாக என் பெயரை எழுதினார்.