ஒன்பது மணிக்குத் தூக்கம் யாருக்கு?

வணக்கம்.

என் தம்பிக்கு 29 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். பாட்டு என்றால் உயிர். பகலில் பயிற்சி மையம், ஐந்து மணிக்கு வீடு, ஒன்பதுக்குப் படுக்கை. ராத்திரிக் கச்சேரிக்குக் கூட்டிப்போ என்று ஒரு வருடமாகக் கேட்கிறான். கூட்டமும் சத்தமும் ஒத்துக்கொள்ளுமா என்று அம்மாவுக்குப் பயம். இவர்களுக்கென்று பகலில் தனியாக நடத்துவதுதானே பாதுகாப்பு?

— ஓர் அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்பது மணி உங்கள் தம்பிக்குத் தூக்கம் வரும் நேரமா, வீட்டில் மற்றவர்கள் ஓய்ந்துபோகும் நேரமா?

இங்கிலாந்தின் பிரைட்டனில் ஹெவி லோட் என்று ஒரு பங்க் (அதிரடியான ராக் வகை) இசைக்குழு இருந்தது. அதில் சிலருக்கு அறிவுசார் குறைபாடு. அவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்பது மணி வாக்கில் அரங்கம் காலியாகிவிடும். பாட்டு பிடிக்காமல் இல்லை. ரசிகர்களோடு வந்த பராமரிப்புப் பணியாளர்களுக்குப் பத்து மணிக்கு ஷிப்ட் முடியும், அதற்குள் எல்லாரையும் வீடு சேர்க்க வேண்டும். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் 'ஸ்டே அப் லேட்', அதாவது 'ராத்திரி லேட்டாக விழித்திரு' என்ற இயக்கம். அப்புறம் அவர்களே 'கிக் பட்டீஸ்', அதாவது 'கச்சேரித் தோழர்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒரே மாதிரி இசை பிடித்த தன்னார்வலர் ஒருவரைத் துணை சேர்த்துவிடுவார்கள். காவலுக்கு இல்லை, கூட ஆட. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் மற்றவர்களைப் போலவே வாழ வேண்டும் என்று வாதாடிய ஸ்வீடன்காரர் பெங்ட் நிர்யே 1969லேயே எழுதிவிட்டார்: ஆள் பற்றாக்குறைக்காக ஒருவரைச் சீக்கிரம் படுக்கவைக்கக் கூடாது, தம்பி தங்கைக்கு முன்னால் அவர் தூங்கப்போக வேண்டியதில்லை என்று.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். நண்பரின் மகனை ஒரு கச்சேரிக்கு அழைத்துப்போனேன், முப்பதை நெருங்குபவன். இடைவேளையிலேயே "பாவம், களைத்துவிட்டான்" என்று கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வாசல் வரை திரும்பித் திரும்பி மேடையைப் பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் சோபாவில் தூங்கிப்போனது நான். கண் விழித்தபோது அவன் செருப்பைக் கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்திருந்தான்.

தனியாக நடத்துவது பற்றி. அவர்களே பாட்டைத் தேர்ந்தெடுத்து, அவர்களே மேடையேறும் இரவுகள் என்றால் சந்தோஷமாகப் போகட்டும். பகல் மூன்று மணிக்குப் பலூன் கட்டி, குழந்தைப் பாட்டுப் போட்டு, 29 வயதுக்காரனைக் கைதட்டச் சொல்வது வேறு. ஃபின்லாந்தில் இப்படிப்பட்டவர்களின் பங்க் குழு ஒன்று 2015இல் யூரோவிஷன் என்ற ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டி மேடைக்கே போனது. பொது மேடை, பொதுப் போட்டி. இறுதிச் சுற்றுக்குத் தேறவில்லை. அதனால் என்ன, மற்றவர்களும்தான் தோற்றார்கள்.

அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். தம்பிக்கு வலிப்பு உண்டென்றால் மருத்துவரிடம் பேசுங்கள். சிலருக்கு வெட்டி வெட்டி மின்னும் விளக்கும், தூக்கம் கெடுவதும் வலிப்பைக் கிளப்பும். அந்த விளக்கு உண்டா என்று நடத்துபவர்களிடம் முன்கூட்டியே கேட்கலாம். சத்தத்துக்குக் காதடைப்பான் போதும், ஆனால் வீட்டிலேயே போட்டுப் பழகட்டும். ஓரமாக இடம் பிடியுங்கள். வெளிக்காற்று வாங்க ஓர் இடத்தைப் போனவுடனேயே அவனுக்குக் காட்டிவிடுங்கள். 'போகலாம்' என்பதற்கு இருவருக்குள் ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டும் உரிமை அவனுக்கு மட்டும். டிக்கெட்டும் அவன் பையிலேயே இருக்கட்டும்.

அப்புறம், மறுநாள் லேட்டாகத்தான் வருவான் என்று மையத்தில் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.